ஃபீடர் படலம் மூன்றாவது வாரத்தில் உரிகிறது: இரத்த ஸ்டெம் செல் நீள்கால வளர்ப்பு (சேலம், ஏற்காடு)

மஜ்ஜை636

தொப்புள்கொடி இரத்தத்தில் இருந்து பிரித்த சிடி34 செல்களை (இரத்த ஸ்டெம் செல் அடங்கியவை) எம்2-10பி4 என்ற எலி மஜ்ஜை ஃபீடர் (கீழே தாங்கி வளர்க்கும் துணைச் செல் படலம்) மேல் 5 வாரம் வளர்க்கும் வேலை. 24 குழித் தட்டு, குழிக்கு 1 மி.லி. மீடியா. ஃபீடர் தட்டிலேயே முழுதாகப் பரவிய பிறகு மைட்டோமைசின் சி (ஃபீடரின் பெருக்கத்தை நிறுத்தும் மருந்து), மி.லி.க்கு 10 மைக்ரோகிராம், 3 மணி நேரம், பி.பி.எஸ். உப்புக் கரைசலில் ஒரு தடவை கழுவல். மீடியாவில் 12.5% குதிரை சீரம், 12.5% கன்று சீரம், ஹைட்ரோகார்ட்டிசோன். 33 டிகிரி. வாரம் ஒருமுறை மீடியாவை முழுதாக மாற்றுகிறோம்.

17-ஆம் நாளுக்கும் 20-ஆம் நாளுக்கும் நடுவில் ஃபீடர் ஓரத்தில் சுருண்டு தோல் மாதிரி உரிந்து வருகிறது. அதோடு எல்லாம் போச்சு. சேலத்து இன்குபேட்டர் திரையில் 33 காட்டினாலும் உள்ளே வைத்த தெர்மாமீட்டரில் மதியம் 35.5. இதே வேலையை ஏற்காட்டில் உள்ள அறையில் வைத்தால் வெப்பம் சரியாக நிற்கிறது, ஆனால் மீடியா எப்போதும் ரோஸ் நிறமாகவே இருக்கிறது. ஃபீடரை மாற்றுவதா, இடத்தை மாற்றுவதா?

கூழாங்கல்

ரெண்டையும் மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே உரிவதற்கு மூன்று காரணம் இருக்கிறது.

முதலாவது, தட்டிலேயே மைட்டோமைசின் கொடுப்பது. முழுதாக நெருங்கி வளர்ந்த படலத்தில் மருந்து எல்லா செல்லுக்கும் ஒரே மாதிரி போய்ச் சேராது. குழியின் ஓரத்தில் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும், அங்கே தப்பியவை மறுபடி பெருகும். முதல் 10 நாள் கண்ணுக்கே தெரியாது. அப்புறம் படலம் தடித்து, இறுகி, தன் இழுவிசையிலேயே தரையை விட்டு வந்துவிடும். 17 முதல் 20 நாள் கணக்கு இதோடு ஒத்துப்போகிறது.

இரண்டாவது, ஒரே ஒரு கழுவல். மிச்சம் இருக்கும் மைட்டோமைசின் மேலே போடும் சிடி34 செல்லைத்தான் முதலில் கொல்லும். மூன்று தடவை கழுவுங்க, ஒவ்வொன்றுக்கும் புது பி.பி.எஸ்.

மூன்றாவது, முழு மீடியா மாற்றம். இது படலத்துக்கும் கேடு, சோதனைக்கும் கேடு. டெக்ஸ்டர் 1977-இல் மான்செஸ்டரில் எலி மஜ்ஜையில் காட்டிய முறையிலிருந்து இன்றுவரை பாதி மாற்றம்தான் விதி. பாதியை எடுக்கும்போது மிதக்கும் செல்லில் பாதி போகிறது, ஸ்ட்ரோமா (மஜ்ஜையின் தாங்கு செல்கள், இங்கே ஃபீடர்) சுரந்து வைத்ததில் பாதி உள்ளே தங்குகிறது. அந்த மிச்சப் பாதி இல்லாமல் ஸ்ட்ரோமாவை வைத்து என்ன பயன்? ஒவ்வொரு வாரமும் முழுதாகக் கொட்டினால் ஸ்ட்ரோமா ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்து தொடங்குகிறது.

1 மி.லி. குழியில் 0.5 எடுத்து 0.5 போடுங்க. பிப்பெட் நுனியைக் குழியின் சுவரில் சாய்த்து, மேல்மட்டத்தில் இருந்து மட்டும் உறிஞ்சணும். புது மீடியாவைச் சுவர் வழியாக மெல்ல வழிய விடணும், 37-க்குக் கொண்டுவந்த பிறகு. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த சில்லென்ற மீடியாவை நேராக ஊற்றினால் ஆரோக்கியமான படலமே ஓரம் தூக்கும்.

ஐந்துரோடு

ஃபீடர் அடர்த்தி எழுதவில்லையே. முழுதாகப் பரவவிட்டு நிறுத்துவது என்றால் எத்தனை செல் என்று யாருக்கும் தெரியாது, வாரத்துக்கு வாரம் மாறும். பிளாஸ்கில் வளர்த்து, அங்கேயே பெருக்கத்தை நிறுத்தி, டிரிப்சினில் (ஒட்டிய செல்லைப் பெயர்க்கும் நொதி) எடுத்து, எண்ணி, அப்புறம் தட்டில் போடுங்க. ஒரு சதுர செ.மீ.க்கு 30,000 முதல் 40,000. 24 குழித் தட்டில் ஒரு குழி ஏறக்குறைய 1.9 சதுர செ.மீ., ஆக 60,000-லிருந்து 75,000. 35 மி.மீ. தட்டுக்கு 3 லட்சம். 96 குழிக்கு 12,500. கொலாஜன் பூசிய தட்டு. பூசாத வெறும் பிளாஸ்டிக்கில் 5 வாரம் நிற்கும் என்று நம்ப வேண்டாம்.

எனக்கு மைட்டோமைசினை விடக் கதிர்வீச்சுதான் சரி. எம்2-10பி4-க்கு 80 கிரே (கதிர்வீச்சு அளவு). மருந்து மிச்சம் என்ற பயமே கிடையாது, 5 கோடி செல்லை ஒரே குழாயில் வைத்து முடித்துவிடலாம்.

அடிவாரம்

கதிர்வீச்சுக் கருவி எல்லா ஊரிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற மாதிரி பேசுகிறீர்கள். எலி வகை ஃபீடருக்கு மைட்டோமைசின் போதும், ஒழுங்காகச் செய்தால். 80% பரவிய பிளாஸ்க், மி.லி.க்கு 10 மைக்ரோகிராம், 37 டிகிரியில் 2½ மணி நேரம், மூன்று கழுவல், டிரிப்சின், சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி இன்னொரு கழுவல், எண்ணிப் போடுதல். 100% பரவிய பிளாஸ்கில் செய்யாதீங்க. மைட்டோமைசின் வெளிச்சத்தில் கெடும், கரைத்த பாட்டிலை அலுமினியத் தாளில் சுற்றி வைக்கணும், பழைய கரைசலை நம்பக் கூடாது. கழுவிய நீரைச் சிங்க்கில் கொட்டாதீங்க, அது செல்லைக் கொல்லும் மருந்து. தனிக் கழிவு.

ஒவ்வொரு முறையும் ஃபீடர் மட்டும் போட்ட 2 குழிகளை ஓரமாக வைத்து 5 வாரமும் பாருங்க. அதில் செல் எண்ணிக்கை ஏறினால் நிறுத்தம் சரியில்லை. கதிர்வீச்சு கொடுத்தவர்களும் இதைச் செய்யணும்.

ஐந்துரோடு

ஒப்புக்கொள்கிறேன், அந்த 2 குழி கட்டாயம். கருவி பற்றி: இரத்த வங்கியில் இருக்கும் கதிர்வீச்சுக் கருவி போதும். அது இரத்தப் பைக்கு 25 கிரே கொடுப்பதற்காக அமைத்தது. 80 கிரேக்கு அந்த நேரத்தைப் போல 3.2 மடங்கு. ஆனால் கோபால்ட்-60 என்றால் அதன் அரை ஆயுள் 5.27 ஆண்டு, மாதத்துக்கு 1.1% அளவில் வலு குறையும். போன வருடம் எழுதி ஒட்டிய நேரத்தையே இன்றைக்கும் வைத்தால் 12% குறைவாகத்தான் கிடைக்கும். அன்றைய டோஸ் வேகத்தைப் பொறுப்பாளரிடம் கேட்டு நேரத்தைக் கணக்கிடுங்க. கொடுத்து முடித்த ஃபீடரைத் தட்டில் போட்டு ஒரு வாரத்துக்குள் சிடி34 ஏற்றிவிடணும்.

பகோடா பாயிண்ட்

ஏற்காட்டு ரோஸ் நிறத்துக்கு வருகிறேன். அது ஃபீடர் கோளாறு இல்லை, உயரம்.

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ., அங்கே 635-ஐ ஒட்டி. இன்குபேட்டருக்குள் ஈரம் நிறைந்திருப்பதால் 37 டிகிரியில் நீராவிக்கு 47 போகிறது. கடல் மட்டத்தில் (760 − 47) × 5% = 35.6 மி.மீ. கார்பன் டை ஆக்சைடு. ஏற்காட்டில் (635 − 47) × 5% = 29.4. மீடியாவில் உள்ள பைகார்பனேட் மாறவில்லை, மேலே இருக்கும் வாயுவின் அழுத்தம் குறைந்துவிட்டது. பி.எச். 0.08 ஏறும். மீடியாவில் உள்ள நிறங்காட்டி ஃபீனால் ரெட் அதைத்தான் காட்டுகிறது. இதற்கு 6% வையுங்க, 35.3 வந்துவிடும்.

எண்ணை மட்டும் நம்பாமல் இப்படிச் சரிபாருங்க: செல் இல்லாத மீடியாவை 35 மி.மீ. தட்டில் 2 மி.லி. ஊற்றி இரவு முழுக்க இன்குபேட்டரில் வைத்து, வெளியே எடுத்த 1 நிமிடத்துக்குள் பி.எச். பார்க்கணும். 7.2-க்கும் 7.4-க்கும் நடுவில் இருந்தால் போதும். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் வாயு பறந்து பி.எச். தானாக ஏறிவிடும், தப்பான முடிவுக்கு வருவீர்கள்.

மலைமேல் ஆக்சிஜன் குறைவு, அது ஸ்டெம் செல்லுக்கு நல்லதாச்சே என்று சிலர் சொல்வதுண்டு. கணக்குப் போட்டால் நிற்காது. ஏற்காட்டு இன்குபேட்டரில் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 115 மி.மீ., கடல் மட்டத்தில் 140. உயிருள்ள எலியின் மஜ்ஜையில் அளந்தது 32-க்கும் கீழே. குறை ஆக்சிஜன் வேண்டுமென்றால் நைட்ரஜன் இணைத்த இன்குபேட்டர்தான் வழி, மலை அல்ல.

மஜ்ஜை636

6% வைத்துப் பார்க்கிறோம். சேலத்தில் 33 டிகிரி நிற்காததற்கு என்ன செய்வது? கம்பெனி ஆள் வந்து சென்சார் சரி என்கிறார்.

பகோடா பாயிண்ட்

சென்சார் சரியாகத்தான் இருக்கும். சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. வைத்த வெப்பத்தை விட அறை 5 டிகிரியாவது கீழே இருக்கணும். 33 வேண்டுமென்றால் அறை 28. சித்திரை வெயிலில் சேலத்தில் வெளியே 38, 39. ஏ.சி. மாலை 6 மணிக்கு அணைத்துவிட்டுப் போகிற அறை என்றால் இரவு முழுக்க அது 33-இல் இருக்காது. ஏ.சி. 24 மணி நேரமும் ஓடணும், அல்லது குளிர்விப்பும் சேர்ந்த இன்குபேட்டர் வாங்கணும்.

கூழாங்கல்

அல்லது 33-ஐயே விட்டுவிடலாம். 33 டிகிரி டெக்ஸ்டர் எலி வளர்ப்பில் இருந்து வந்த பழக்கம். மனித மஜ்ஜையில் இருந்தே ஸ்ட்ரோமா படலம் வளர்க்கும்போது முதல் 3, 4 நாள் 37, பிறகு 33 என்று வைப்பார்கள். உங்களுடையது பெருக்கம் நிறுத்திய ஃபீடர் மேல் மனித சிடி34. அதற்கு 5 வாரமும் 37-இலேயே வைத்துச் செய்வது பரவலான முறைதான். 33-இல் தொடங்கி 35.5-க்கு ஏறி, இரவில் இறங்கி, இப்படி ஆடுவதுதான் கெடுதல். 37 வைத்தால் சேலத்து அறை 30-இல் இருந்தாலும் நிற்கும். முன்பு 33-இல் எடுத்த எண்ணோடு 37-இல் எடுத்த எண்ணை ஒப்பிடாதீங்க, அவ்வளவுதான்.

ஹைட்ரோகார்ட்டிசோன் எப்படிச் சேர்க்கிறீர்கள்? மீடியா பாட்டில் முழுவதிலும் மொத்தமாகக் கலந்து மாதக்கணக்கில் வைத்தால் அதுவும் ஒரு குறை. சோடியம் சக்சினேட் உப்பு 4.85 மி.கி. எடுத்து 100 மி.லி. ஆல்ஃபா-எம்.ஈ.எம். மீடியாவில் கரைத்தால் 0.1 மில்லிமோலார். வடிகட்டி, 4 டிகிரியில் ஒரு வாரம் வரை வைக்கலாம். மீடியாவில் 100-க்கு 1 மி.லி. சேர்த்தால் 1 மைக்ரோமோலார். அன்றன்றைக்குத் தேவையான மீடியாவில் மட்டும் சேருங்க. ஸ்ட்ரோமா தட்டையாகப் படிந்து கட்டுக்குள் இருப்பதற்கு இது பெரிய துணை. இது செத்துப்போன மீடியாவில் படலம் ஒழுங்காக இருக்காது.

அடிவாரம்

எம்2-10பி4 என்கிறாரே, சாதாரண வகையா, மனித ஐஎல்-3, ஜி-சிஎஸ்எஃப் (இரத்த செல்லை வளர்க்கும் புரதங்கள்) சுரக்கும்படி மாற்றிய வகையா? இது பெரிய வித்தியாசம். எலி ஐஎல்-3, எலி ஜிஎம்-சிஎஸ்எஃப் மனித செல்லின் ஏற்பியில் வேலை செய்யாது.

மஜ்ஜை636

மாற்றிய வகை. ஜி418-உம் ஹைக்ரோமைசினும் (சேர்த்த ஜீன் இல்லாத செல்லைக் கொல்லும் மருந்துகள்) எப்போதும் மீடியாவில் இருக்கும்.

அடிவாரம்

பிளாஸ்கில் வளர்க்கும்போது இருக்கட்டும்: ஜி418 மி.லி.க்கு 0.4 மி.கி., ஹைக்ரோமைசின் 0.06 மி.கி. அப்போதுதான் செல் அந்த ஜீனைக் கைவிடாது. ஆனால் நீள்கால வளர்ப்புத் தட்டில் ஒரு துளி கூடாது. ஃபீடர் தாங்கும், சிடி34 தாங்காது. தட்டில் போடுவதற்கு முன் மருந்தில்லாத மீடியாவில் கழுவுங்க.

எஸ்எல்/எஸ்எல் ஃபீடரையும் பாதிக்குப் பாதி கலந்தால் இன்னும் நல்லது. அது எலியின் எஸ்சிஎஃப் (ஸ்டெம் செல் வளர்ச்சிப் புரதம்) இல்லாத செல், மனித எஸ்சிஎஃப், ஐஎல்-3 சுரக்கும்படி செய்தது.

ஐந்துரோடு

எலி ஃபீடரை விட்டு, மெசன்கைமல் செல் என்ற மனிதத் தாங்கு செல்லுக்குப் போகக் கூடாதா? சிகிச்சைப் பக்கம் போன முயற்சிகள் அதைத்தான் பிடித்தன. 2012-இல் டெக்சாஸ் குழுவின் வேலை: 31 நோயாளிகள், இரண்டு தொப்புள்கொடிப் பைகளில் ஒன்றை மெசன்கைமல் செல் மேல் 14 நாள் பெருக்கிக் கொடுத்தார்கள். சிடி34 சராசரியாக 30 மடங்கு, நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளணு) திரும்ப 15 நாள், பெருக்காத பைகளைப் பெற்றவர்களுக்கு 24 நாள். இதை ஒதுக்க முடியாது.

கூழாங்கல்

ஒதுக்கவில்லை, ஆனால் அந்த வேலையின் முழு முடிவையும் சொல்லணும். பெருக்கிய பை சீக்கிரம் வேலை செய்தது. நாள்பட நின்று இரத்தம் உண்டாக்கியது பெரும்பாலும் பெருக்காத மற்ற பைதான். சிடி34 எண்ணிக்கை 30 மடங்கு ஏறியது என்பதும், நீள்கால ஸ்டெம் செல் 30 மடங்கு ஆனது என்பதும் ஒன்றல்ல. இந்த இழையைப் படிக்கிற எல்லோரும் இதை நெஞ்சில் வைத்தால் நல்லது.

கேள்வி என்ன என்பதைப் பொறுத்து ஃபீடர். எத்தனை எல்டிசி-ஐசி (5 வாரம் கழித்தும் காலனி தரும் முன்னோடி செல்) இருக்கிறது என்று எண்ணுவதற்கு எம்2-10பி4 வகை: எங்கு செய்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். பெருக்குவதற்கு, மனிதருக்குக் கொடுக்கும் பக்கம் போவதற்கு, மெசன்கைமல்: 3 முதல் 5-ஆம் பாசேஜ் (பிரித்துத் தட்டு மாற்றிய தடவை) வரை மட்டும், சிடி73, சிடி90, சிடி105 என்ற மேற்பரப்பு அடையாளம் மூன்றும் 95%-க்கு மேல், சிடி45, சிடி34 2%-க்குக் கீழே. பாசேஜ் ஏற ஏற அது இரத்த செல்லைத் தாங்கும் குணத்தை இழக்கும், ஆள் மாறினாலும் மாறும். அதை எண்ணும் சோதனைக்கு ஃபீடராக வைத்தால் மாறியது ஸ்டெம் செல்லா, ஃபீடரா என்று பிரிக்க முடியாது. பி செல் வேண்டுமென்றால் ஓபி9 என்ற எலி ஃபீடர், டி செல் வேண்டுமென்றால் டிஎல்1 என்ற புரதம் சேர்த்த ஓபி9. அதை 80%-க்கு மேல் நெருங்கவிட்டால் கொழுப்புத் துளி நிறைந்த செல்லாக மாறிவிடும். மாறியதைத் தூக்கிப் போட்டுவிட்டு முன் பாசேஜ் குப்பியைத் திறங்க.

ஸ்ட்ரோமா மேல் என்ன பார்க்கணும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபேஸ் கான்ட்ராஸ்டில் மேலே பளிச்சென்று உருண்டையாகத் தெரிவது முதிர்ந்து மிதக்கும் செல். படலத்துக்கு அடியில் நுழைந்து, மங்கலாக, கோணம் கோணமாக, ஆற்றுப்படுகைக் கல் பதித்த மாதிரி ஒட்டிக்கிடப்பதுதான் கூழாங்கல் திட்டு. குறைந்தது 5 செல் சேர்ந்திருந்தால் ஒரு திட்டு என்று எண்ணுவார்கள். முதல் வாரத்தில் வரும் திட்டு குறுகிய கால முன்னோடி. 5-ஆம் வாரத்திலும் நிற்பதைத்தான் எண்ணணும். குழியை ஆட்டி எடுத்துவந்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் திட்டு அப்படியே இருக்கும், பளிச்சென்றவை நகரும். வேறுபாடு அப்போதே தெரிந்துவிடும்.

பகோடா பாயிண்ட்

தொப்புள்கொடி இரத்தப் பை ஏற்காட்டுக்கு எப்படி வருகிறது? சேலத்தில் பிரசவ வார்டில் எடுத்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும்போது ஐஸில் வைக்கிறார்கள் என்றால் நிறுத்துங்க. சி.பி.டி. (உறையாமல் தடுக்கும் கரைசல்) சேர்த்த பை, 18 முதல் 25 டிகிரி, பை நிமிர்ந்து ஆடாமல், 24 மணி நேரத்துக்குள் பிரித்தெடுப்பு. எடுத்தவுடன் பையை மெதுவாகப் பத்துத் தடவையாவது புரட்டணும், இல்லாவிட்டால் மேலே வருவதற்குள் உறைகட்டி விழும். கட்டி விழுந்த பையில் வரும் எண்ணை நம்ப முடியாது. தாயிடம் சம்மதம் வலி வரும் முன்னே வாங்கியிருக்கணும், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி சோதனை முடிவு தெரியும் வரை தொற்று உள்ள மாதிரியாகவே கையாளணும்.

அடிவாரம்

பிரித்தெடுப்பிலும் கை வையுங்க. இரத்தத்தைப் பி.பி.எஸ்., 2 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. கலந்து 3 மடங்காக்கி, 1.077 அடர்த்தி ஃபிக்கால் (செல்லை அடர்த்திவாரியாகப் பிரிக்கும் கரைசல்) மேல் மெல்லப் படரவிட்டு, 400 ஜி, 35 நிமிடம், 20 டிகிரி, பிரேக் போடாமல். தொப்புள்கொடி இரத்தத்தில் உட்கரு உள்ள சிவப்பணு நிறைய, அதனால் அந்த வெள்ளை வளையம் சிவந்தே வரும், பயப்பட வேண்டாம். சிடி34 செல்லில் ஒட்டும் காந்த மணி: 10 கோடி செல்லுக்கு 300 மைக்ரோலிட்டர் பஃபர், 100 தடுப்பான், 100 மணி, ஃப்ரிட்ஜில் 30 நிமிடம். ஐஸில் வைத்தால் சரியாக ஒட்டாது. ஒரே காந்தக் குழலோடு (column) நிறுத்தினால் சுத்தம் குறைவு. இரண்டாவது குழலில் மறுபடி ஓட்டணும்.

மஜ்ஜை636

5-ஆம் வாரம் எடுத்து மெத்தில்செல்லுலோஸில் போடும்போதும் காலனி (ஒரு செல்லில் இருந்து வளர்ந்த கூட்டம்) எண் இரட்டைத் தட்டுகளில் 40, 11 என்று வித்தியாசமாக வருகிறது. மைக்ரோபிப்பெட்டில்தான் போடுகிறோம்.

கூழாங்கல்

அதுதான் காரணம். மெத்தில்செல்லுலோஸ் பாகு மாதிரி, மைக்ரோபிப்பெட்டில் பாதி நுனிக்குள்ளேயே ஒட்டி நிற்கும். 3 மி.லி. மெத்தில்செல்லுலோஸ் உள்ள குழாயில் 0.3 மி.லி. செல் சேர்த்து, வோர்டெக்ஸில் நன்றாகச் சுழற்றி, குமிழி மேலே ஏற 5 நிமிடம் விட்டு, 16 கேஜ் மழுங்கிய ஊசி பொருத்திய 3 மி.லி. சிரிஞ்சில் 1.1 மி.லி. வீதம் 35 மி.மீ. தட்டில் போடுங்க. சிரிஞ்சில் முதலில் கொஞ்சம் இழுத்து வெளியே தள்ளிக் காற்றை விரட்டணும். தட்டைச் சாய்த்துச் சுழற்றிப் பரப்புங்க. இரண்டு தட்டோடு மூடியில்லாமல் தண்ணீர் வைத்த மூன்றாவது தட்டையும் ஒரு 100 மி.மீ. தட்டுக்குள் வைத்து மூடணும். 14 முதல் 16-ஆம் நாள் எண்ணல்.

அறுவடையில் மிதப்பவை, ஒட்டியவை இரண்டையும் சேர்த்தீர்களா? நீள்கால முன்னோடி பெரும்பாலும் ஒட்டிய படலத்தில்தான் இருக்கும். மிதப்பதை மட்டும் எடுத்தால் எண்ணே தப்பு. டிரிப்சினுக்குப் பின் ஃபீடரும் கூடவே வரும், அது தட்டின் தரையில் ஒட்டிக் காலனியை அமுக்கும். ஆகவே செல் ஒட்டாத வகைத் தட்டு வேண்டும்.

ஐந்துரோடு

எண்ணிக்கை வேண்டும் என்றால் 24 குழியை விட்டு 96 குழியில் நீர்த்துப் போடும் முறைக்கு வாங்க. குழிக்கு வெவ்வேறு எண்ணிக்கை சிடி34, ஒவ்வொன்றுக்கும் 24 குழி. 5 வாரம் கழித்துக் குழிவாரியாகக் காலனி வருகிறதா இல்லையா என்று மட்டும் பாருங்க. காலனி வராத குழி 37% இருக்கும் இடத்தில் சராசரியாகக் குழிக்கு ஒரு எல்டிசி-ஐசி. 100 செல் போட்ட 24 குழியில் 9 குழி வெறுமை என்றால் ஏறக்குறைய 100-இல் 1. கணக்கைக் கையால் போடாமல் எல்டா என்ற புள்ளியியல் நிரலில் போட்டால் பிழை எல்லையும் சேர்ந்து வரும். சுற்றியுள்ள ஓரக் குழிகளில் செல் வைக்காமல் கிருமி நீக்கிய நீர் நிரப்புங்க. 5 வாரத்தில் ஓரக் குழி வற்றி உப்பு கூடிவிடும்.

அப்படியே இன்குபேட்டர் தட்டில் ஊற்றும் தண்ணீர் போர்வெல் தண்ணீராக இருக்கக் கூடாது. சேலத்துக் கடினநீர் ஆவியாக ஆவியாகச் சுண்ணாம்புப் படிவு விட்டுவிடும். வடித்த நீர், வாரம் ஒருமுறை மாற்றம்.

பகோடா பாயிண்ட்

ஏற்காட்டில் மழைக்காலத்தில் பூஞ்சை இதைவிடப் பெரிய தலைவலி. அட்டைப்பெட்டியை வளர்ப்பு அறைக்குள் கொண்டுபோகாதீங்க, ஈரம் ஏறிய அட்டையில் இருந்து வித்து பறக்கும். ஹூட்டை வேலைக்கு 15 நிமிடம் முன்பே ஓடவிடுங்க. மைக்கோபிளாஸ்மா பி.சி.ஆர். மாதம் ஒரு தடவை ஃபீடர் பிளாஸ்குக்கு. அது வந்த ஃபீடர் நன்றாக வளர்வது போலவே தெரியும், ஸ்டெம் செல் மட்டும் காணாமல் போகும். தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

மஜ்ஜை636

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு) வழிகாட்டுதல் பற்றியும் ஒருவர் சொன்னால் நல்லது. ஒரு தனியார் அமைப்பு இந்த வளர்ப்பை நோயாளிகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறது.

கூழாங்கல்

கொடுக்கக் கூடாது. 2017 தேசிய வழிகாட்டுதல்படி, அனுமதித்த நோய்களுக்கு நடக்கும் இரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை தவிர மற்றவை அனைத்தும் அங்கீகரித்த மருத்துவ ஆய்வாக மட்டுமே நடக்கணும். ஆய்வகத்திலேயே பெருக்கிய செல்லுக்கும் அதுதான். நிறுவனத்தின் ஸ்டெம் செல் ஆய்வுக் குழு, நெறிமுறைக் குழு இரண்டின் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும். எலி ஃபீடரில், குதிரை சீரத்தில் வளர்ந்த செல்லை மனிதருக்குக் கொடுப்பது யோசிக்கவே கூடாதது. வேலூரில் 1986-லேயே மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கிவிட்டது. சேலத்து நோயாளி அந்த வழியில் போகட்டும். உங்கள் வளர்ப்பு ஸ்டெம் செல் எத்தனை என்று எண்ணட்டும்.

மஜ்ஜை636

சரி. சேலத்தில் 37 டிகிரி, பிளாஸ்கிலேயே மைட்டோமைசின், குழிக்கு 65,000 ஃபீடர், கொலாஜன், பாதி மாற்றம், ஃபீடர் மட்டும் போட்ட 2 குழி. ஏற்காட்டில் அதே, 6% மட்டும் மாற்றம். இரண்டு இடத்திலும் ஒரே பையின் சிடி34. 5 வாரம் முடிந்ததும் எண்ணை இதே இழையில் போடுகிறேன்.

அடிவாரம்

ஒரே பை என்றால் இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில், ஒரே குழாயில் இருந்து பிரிச்சுப் போடுங்க. ஒன்றை உறையவைத்து அடுத்த வாரம் ஏற்றினால் உறைந்து உருகியதில் இழந்ததை உயரம் செய்ததாக எண்ணிக்கொள்வீர்கள்.